பாறணை இல்லாத விரதம்

தை மாதத்து விடியற்பொழுது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும் காலமாதலால், திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையின் மணல் இன்னும் ஈரமாகவே கிடக்கிறது. கிழக்கே கடலின் விளிம்பு வெளுக்குமுன்னரே இருவர் நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரவர் யாவருக்கும் அவர் ‘மாஸ்டர்’. மற்றவர் ஐம்பத்தொரு வயதுடைய எழுதுவினைஞர். துறைமுகத்தை அண்டிய அலுவலகமொன்றில் பணிபுரிபவர். இருவரும் பிரெடரிக் கோட்டை வாயில்வரை சேர்ந்து செல்வர். அங்கே மாஸ்டர் மதிலோரம் நின்றுகொள்வார். எழுதுவினைஞர் புள்ளிமான்கள் மேயும் கோட்டை வழியே சுவாமிமலை ஏறி, கோணேசர் கோயில் வாசலில் சிறிது நேரம் நின்று, திரும்பி வருவார். பின்னர் இருவரும் வந்த வழியே வீடு செல்வர்.

பார்ப்பவர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அவ்வெழுதுவினைஞர் இவ்வழியில் நடக்கத் தொடங்கியதையும், இடையில் நின்றதையும், மீண்டும் தொடங்கியதையும் அறிந்தவர் வேறுவகையில் நோக்குவர். உடல் நிறையைக் குறைக்க விழைபவர் பலர். அதற்கான முயற்சியைத் தொடங்குபவரும் பலரே. ஆண்டுக்கணக்கில் அதனைத் தொடர்பவரோ மிகச் சிலர். தொடங்கும் நாளில் பொங்கிய ஊக்கம் நாலாம் மாதத்தில் எங்கே போய்விடுகிறது? போன ஊக்கம் மீளுமா? மீளாவிடின், அது இல்லாமலே நடக்க முடியுமா? இக்கேள்விகளுக்கு அந்த ஒரு மனிதரின் இரண்டாண்டு அனுபவம் ஓரளவு விடை தருகின்றது.

அவருடைய தந்தையார் துறைமுகத்தில் சுமை இறக்கி வாழ்ந்தவர். பிரித்தானியக் கடற்படை 1957 இல் திருகோணமலையை விட்டு நீங்கியதன் பின்னர் அங்கு வேலைக்குச் சேர்ந்த தலைமுறையினர். காலையில் பிட்டும் மீன்குழம்பும், பகலில் ஒரு கோப்பை நிறையச் சோறு, இரவில் மீண்டும் சோறு என உண்ட அவ்வுடல், உண்டதனைத்தையும் மாலைக்குள் வியர்வையாக்கிவிடும். ஓய்வுபெற்ற பின்னரும் உணவு மாறவில்லை. உழைப்பு மாத்திரமே நின்றுபோயிற்று. சாய்மனைக் கதிரையில் கழிந்த ஆறேழு ஆண்டுகளில் ‘சீனி வருத்தம்’ வந்தது. பாதத்தில் ஏற்பட்ட சிறு காயம் ஆறவில்லை. ஈற்றில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. தந்தையார் இறந்து பல ஆண்டுகளாகியும், அவர் பயன்படுத்திய ஊன்றுகோல்கள் இரண்டும் இன்றும் அவ்வீட்டின் அறைக்கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி நிற்கின்றன.

தந்தையாரின் உணவு மகனுக்கு வழிவந்தது, உழைப்பு வரவில்லை. மகன் இருந்தது மேசையின் முன்னால். அதற்கும் மேலாக, புதிய உணவுகளும் சேர்ந்துகொண்டன. 1942 இல் திருகோணமலைத் துறைமுகம் யப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளான அதே ஆண்டிலே பர்மாவும் அவர்கள் வசமானது. பர்மா அரிசியின் வரவு நின்றது. பங்கீட்டுக் காலத்தில் கோதுமை மாவும் பாணும் இலங்கையரின் நாளாந்த உணவில் பெற்ற இடத்தைப் பின்னர் விட்டுக்கொடுக்கவேயில்லை. உள்துறைமுகக் கரையில் நின்று நோக்கினால், நீருக்கு அப்பால் சீனக்குடாவில் 1980 இல் இயங்கத் தொடங்கிய பிறீமா மா ஆலையின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். காலையில் பாண், பத்து மணிக்குப் பனிஸ், மாலையில் ரோல்ஸ், இரவில் கொத்துரொட்டி, இவற்றிடையே நான்கைந்து தடவை சீனி நிறைந்த பால் தேநீர் என அலுவலக வாழ்க்கை ஒரு வட்டமாயிற்று. இது தனியொருவரின் பெருந்தீனி அன்று. ஒரு தலைமுறை முழுவதும் தன் தொழிலை மாற்றிக்கொண்டும் உணவை மாற்றாது விட்டதன் விளைவு.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட நீரிழிவு ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அந்நோய்க்கு உள்ளாகியிருந்ததையும், நோயின் முன்னிலையில் இருப்போரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர் ஆவதையும் வெளிப்படுத்தியது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. குண்டுக்கும் இடப்பெயர்வுக்கும் அஞ்சி வாழ்ந்த மக்களுக்குத் தம் குருதியிலுள்ள சீனியை அளந்து பார்க்க அவகாசம் இருந்ததில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் எழுதுவினைஞரின் குருதி அளக்கப்பட்டது. வெறும் வயிற்றில் 118. நிறை 91 கிலோ. வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, “வருத்தம் இன்னும் வீட்டுக்குள்ள வரல்ல, வாசல்ல நிக்குது” என்றார். அன்றிரவு அவர் அறைக்கதவை வழமைக்கு மாறாகச் சாத்தினார். ஊன்றுகோல்கள் கண்ணிற்பட்டன. பொங்கலன்று தொடங்கி ஆறு மாதத்தில் இருபது கிலோ குறைப்பதெனச் சங்கற்பம் செய்துகொண்டார்.

அச்சங்கற்பம் கடுமையானது. சோறு இல்லை, சீனி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, இரவில் இலைக்கஞ்சி மாத்திரம். மனைவி அவருக்கென்று தனிச்சமையல் செய்தார். காலையும் மாலையும் நடந்தார். நாள்தோறும் தராசில் ஏறினார். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. அலுவலகத்தில் அவரைத் ‘தொப்பையர்’ என்று கேலிபேசியவர்களே இப்போது இரகசியம் கேட்டனர். சித்திரைப் புத்தாண்டு வந்தது. பயற்றம்பணியாரமும் முறுக்கும் அரியதரமும் தட்டில் வந்தன. ஒருநாள்தானே என்று உண்டார். மறுநாள் விருந்தினர் வந்தனர். மூன்றாம் நாள், விதி முறிந்தாயிற்று என்ற எண்ணமே மேலும் உண்பதற்கு நியாயமாயிற்று. தராசு கட்டிலின் கீழ் தள்ளப்பட்டது. ஐப்பசி முடிவில் அதனை மீண்டும் வெளியே எடுத்தபோது அது காட்டியது 93.

இத்தோல்விக்கு அவர் கூறிய காரணம் ஒன்றே: “எனக்கு மனவலிமை காணாது.” நிறை குறைப்பில் தோற்றவர் யாவரும் கூறும் காரணம் இதுவே. ஆயின், இது உண்மையாகுமா? அவ்வாண்டுக் கார்த்திகையில் கந்தசஷ்டி வந்தது. இளமைதொட்டு அனுட்டித்து வந்த அவ்விரதத்தை அவர் அவ்வாண்டும் தவறாது பிடித்தார். ஆறு நாளும் ஒருபொழுது பாலும் பழமும். பசி அவரை வெல்லவில்லை. மனவலிமை இல்லாதவரால் இது இயலுமா? இரண்டு கிலோ குறைந்தது. ஏழாம் நாள் பாறணை. அடுத்த ஒரு வாரத்தில் அவ்விரண்டு கிலோவும் திரும்பி வந்துவிட்டன.

இந்நிகழ்ச்சியில்தான் அவர் தம் தோல்வியின் வடிவத்தைக் கண்டுகொண்டார். விரதத்தின் வலிமை அதன் முடிவில் இருக்கிறது. ஆறாம் நாள் கழிந்தால் ஏழாம் நாள் பாறணை என்ற உறுதியே முதல் ஐந்து நாளையும் தாங்குகிறது. ஊர் முழுவதும் உடன் நோற்பதும் அதற்குத் துணை. நிறை குறைப்பையும் அவர் ஒரு விரதமாகவே எண்ணியிருந்தார். ஆறு மாதம் வருந்தினால் பின்னர் பழைய வாழ்க்கைக்கு மீளலாம் என்பதே அவர் உள்ளத்தின் அடியில் கிடந்த உடன்படிக்கை. ஆனால் பழைய வாழ்க்கைக்கு மீள்வது பழைய உடலுக்கு மீள்வதேயாகும். இவ்விரதத்துக்குப் பாறணை இல்லை. பாறணை இல்லாத ஒன்றை விரதமாக நோற்க எவராலும் இயலாது.

உடலும் இதனைத் தன் மொழியில் கூறுகின்றது. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதகாலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்த அவர்கள் பகலிலும் கனவிலும் உணவையே நினைத்தனர். சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினர். பட்டினி நீங்கிய பின்னரும் பலரது பசி எளிதில் அடங்கவில்லை. மெல்பேணில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று மேலும் ஒன்றைக் காட்டியது. பத்து வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டினால் நிறை குறைத்தவர்களின் உடலில், பசியைத் தூண்டும் சுரப்புகள் ஓராண்டு கழிந்த பின்னரும் உயர்ந்தே இருந்தன. உடலுக்குப் பஞ்சம் என்ன, பத்தியம் என்ன என்ற வேறுபாடு தெரியாது. இழந்ததை மீட்கவே அது முயல்கின்றது. ஆகவே, சித்திரை மாதத்தில் எழுதுவினைஞரைத் தோற்கடித்தது அவருடைய ஒழுக்கக்கேடு அன்று. மூன்று மாதமாகக் காத்திருந்த பசியே.

இவ்வுண்மையை அறிவது தன்னைத்தானே மன்னிப்பதற்கு உதவும். எழுந்து நடப்பதற்கு அது போதாது. அதற்கு மாஸ்டர் வந்தார்.

மாஸ்டர் இரு வீடு தள்ளி வசிப்பவர், இஸ்லாமியர், பத்தாண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவர். சுபஹுத் தொழுகை முடித்து நாள்தோறும் நடப்பார். கார்த்திகை மழையில் ஒருநாள் குடையோடு வாசலில் நின்று, “தம்பி, சும்மா கோட்டை வாசல் மட்டும் வாங்க. எனக்குப் பேச்சுத்துணை” என்றார். நிறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதுவினைஞர் மறுக்க வழியின்றிச் சென்றார். மறுநாளும் குடை வாசலில் நின்றது. ஒரு வாரத்தின் பின்னர், தாம் போகாவிட்டால் ஒரு முதியவர் மழையில் காத்து நிற்பாரே என்ற எண்ணம் அவரை எழுப்பியது. சீனி வருத்தத்தின் அச்சம் அவரை அவ்வாறு எழுப்பியதில்லை.

அச்சத்தையும் வெட்கத்தையும் பற்றி ஈண்டு ஒன்று கூறல்வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்த ஊன்றுகோல்கள் அவரைத் தொடங்கச் செய்தன, தொடரச் செய்யவில்லை. நாள்தோறும் காணும் அச்சம் பழகிப்போகின்றது. அன்றேல் கதவைத் திறந்தே வைத்து அதனை மறைக்க மனிதர் கற்றுக்கொள்கின்றனர். கேலியும் அவ்வாறே. கேலிக்கு அஞ்சி மெலிந்தவர், கேலி நின்றதும் மெலிவதற்கான காரணத்தையும் இழக்கின்றார். அமெரிக்க உளவியலாளர்களான டெசி, றையன் ஆகியோரின் கொள்கையைத் தழுவி 1996 இல் வெளியான ஆய்வொன்று, பிறர் வற்புறுத்தலால் நிறை குறைக்க வந்தவர்களிலும், அது தமக்கே வேண்டியது எனக் கருதி வந்தவர்கள் கூடிய ஒழுங்குடன் சிகிச்சைக்கு வந்ததையும், ஏறத்தாழ இரண்டாண்டின் பின்னும் பயனைத் தக்கவைத்ததையும் கண்டது. எழுதுவினைஞருக்குத் தமக்கே உரிய காரணம் மெல்ல மெல்லவே கிடைத்தது. சுவாமிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்காது நிற்க முடிந்த ஒரு காலையில், கீழே பாறையில் மோதும் அலையின் ஓசை அவருக்குக் கேட்டது. முன்னர் தம் மூச்சின் இரைச்சலை மாத்திரமே அவர் அங்கு கேட்டிருந்தார்.

இரண்டாம் முறை அவர் சங்கற்பம் எதுவும் செய்யவில்லை. மூன்று சிறு ஒழுங்குகளை மாத்திரம் வைத்துக்கொண்டார். காலை நடை ஒன்று. தேநீரில் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறைத்து, ஈற்றில் நிறுத்துவது மற்றொன்று. கோப்பையில் அரைவாசி மரக்கறி, கீரை. காற்பங்கு மீனோ பருப்போ. எஞ்சிய காற்பங்கே சோறோ பிட்டோ என்பது மூன்றாவது. தனிச்சமையலை மனைவியே நிறுத்திவிட்டார். “இஞ்ச பாருங்கோ, உங்களுக்கொரு அடுப்பு, பிள்ளையளுக்கொரு அடுப்பு எண்டு மூட்டேலாது. எல்லாருக்கும் ஒண்டாத்தான் சமைப்பன்.” சிவப்பரிசியும் குரக்கன் பிட்டும் மெல்லிய சொதியும் வீடு முழுவதற்கும் உரியனவாயின. சித்திரையில் பலகாரம் மீண்டும் வந்தது. அவர் உண்டார். அது விதிமீறல் அன்றாகையால், மறுநாள் அதற்கு ஒரு தொடர்ச்சியும் இருக்கவில்லை.

இலக்கையும் அவர் மாற்றிக்கொண்டார். இவ்விடத்தில் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் கருதற்பாலது. நீரிழிவின் முன்னிலையிலிருந்த 531 பேர் அதில் பங்குபற்றினர். வழமையான அறிவுரை மாத்திரம் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 55 வீதமானோர் நோயாளராயினர். நடையும் உணவு மாற்றமும் கைக்கொண்ட பிரிவினரில் அது 39 வீதமே. இதில் வியப்பிற்குரியது யாதெனில், பின்னையவர்களின் நிறையில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் ஏற்பட்டிருக்கவில்லை. தராசு அசையாதபோதும் உடலின் உள்ளே நன்மை நிகழ்ந்திருந்தது. தராசை மட்டுமே சாட்சியாகக் கொண்டவர் அம்மூன்றாண்டும் வீண் எனக் கைவிட்டிருப்பார். மனம் சோர்வதற்கு முதற்காரணம் தவறான அளவுகோலே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஏழாம் மாதத்தில் எழுதுவினைஞரின் தராசும் அசையாது நின்றது. பத்து வாரம் 87 இலேயே நின்றது. உடல் சுருங்கச் சுருங்க அதன் தேவையும் சுருங்குவதால், இவ்வாறு நிற்பது இயல்பே. முதல் முறையாயின் அங்கேயே கைவிட்டிருப்பார். இம்முறை மாதம் ஒருமுறை இடுப்பை அளந்தார். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருமே எல்லை என வகுக்கப்பட்டுள்ளது. அவருடைய அளவு 104 இலிருந்து 99 ஆகியிருந்தது. நிறை நின்ற பத்து வாரத்திலும் இடுப்புப்பட்டி ஒரு துளை உள்ளே சென்றிருந்தது.

நடை தடைப்பட்ட நாட்களும் உண்டு. காய்ச்சல், மரணவீடு, அலுவலக வேலை. ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து போகாதபோது மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். “ஒரு நாள் வராட்டிப் பறவாயில்ல தம்பி. ரெண்டாம் நாளும் விட்டா, அது பழகிப் போயிரும்.” 2009 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்கின்றது. ஒரு செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் சென்றன. ஆளுக்காள் 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பாதிக்கவில்லை. சென்னைக் குழுவினர் 2013 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுகள் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்திகள் மாத்திரம் அனுப்பப்பட்டன. செய்தி பெறாதவர்களில் 27 வீதமானோர் நீரிழிவாளராக, பெற்றவர்களில் அது 18 வீதமாயிற்று. தன்னை எவரோ நினைத்திருக்கிறார் என்ற உணர்வு அவ்வளவு வலியது. உள்துறைமுக வீதியில் அக்குறுஞ்செய்தி ஒரு குடையின் உருவில் வந்தது. நோன்பு மாதத்தில் மாஸ்டர் காலை நடையை விட்டு, நோன்பு திறக்குமுன் மாலையில் மெதுவாக நடந்தபோது, எழுதுவினைஞரும் தம் நேரத்தை மாற்றிக்கொண்டார்.

எனினும், ஊக்கத்தைத் தனிமனித குணமாகவும் நல்ல நட்பின் பயனாகவும் மட்டும் காண்பது முழுமையான நோக்கன்று. எழுதுவினைஞரின் மனைவிக்கும் நிறை கூடுதலே. அவரும் நடக்க விரும்பினார். விடியலில் ஒரு பெண் தனியே கடற்கரை வீதியில் நடந்தால் எழும் பார்வைகளும் கேள்விகளும் அவரைத் தடுத்தன. விடியற்பொழுது சமையலுக்குரியது என்ற எழுதாச் சட்டமும் தடுத்தது. கணவர் நடப்பதற்கான அந்த ஒரு மணிநேரத்தை வழங்கியவர் அடுப்படியில் நின்ற அவரே. ஓராண்டு கழிந்த பின்னரே, அயலில் மூன்று பெண்கள் சேர்ந்து மாலையில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினர். அந்நாட்களில் கணவர் இரவுச் சமையலைப் பொறுப்பேற்கின்றார். கூலித் தொழிலாளிக்கு நேரமில்லை. வறியவருக்குப் பாணிலும் மலிவான உணவு இல்லை. இவற்றைக் கருதாது ‘மனம் இருந்தால் இடம் உண்டு’ என அறிவுரை வழங்குவது எளிது, நீதியாகாது.

பதினான்கு மாதங்கள் கழிந்துள்ளன. 93 ஆக இருந்த நிறை 85 ஆகியுள்ளது. இருபது கிலோ என்ற பழைய சங்கற்பத்தை வைத்து நோக்கினால் இது தோல்வியே. கடந்த வாரம் வெறும் வயிற்றில் எடுத்த அளவு 102. வைத்தியர், “இன்னும் வாசலுக்கு வெளியிலதான் நிக்குது, ஆனா கொஞ்சம் தள்ளி நிக்குது” என்றார். எழுதுவினைஞர் அதற்குப் பெருமகிழ்ச்சி கொள்ளவுமில்லை, மனம் தளரவுமில்லை. மறுநாள் விடியலில் வழக்கம்போல் எழுந்தார். எழுவதற்கு ஊக்கம் இருந்ததா எனக் கேட்டால், அதனை அவர் யோசித்துப் பார்த்ததில்லை என்பார். பல் துலக்குவதற்கு எவரும் ஊக்கம் தேடுவதில்லை.

தொடங்குவதற்கு ஊக்கம் வேண்டும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், தொடர்வதற்கு வேண்டுவது தாங்கக்கூடிய சிறிய ஒழுங்கு, உடன் வரும் ஒருவர், உண்மையைக் கூறும் அளவுகோல், தவறிய நாளுக்கு மறுநாள் எழும் மனம் ஆகியவையே. முடிவுநாள் குறித்து வருந்தி நோற்பது விரதம். நிறை குறைப்பு அவ்வாறன்றி வாழ்க்கையாக மாறும்போதே அது நிலைக்கின்றது. வாழ்க்கைக்குப் பாறணை இல்லை, அது தேவைப்படுவதுமில்லை.

கோட்டை வாயிலில் வெளிச்சம் பரவிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வரும் எழுதுவினைஞரைக் கண்டு மாஸ்டர் மதிலை விட்டு நிமிர்கின்றார். “இண்டைக்குக் கொஞ்சம் சுணக்கம், தம்பி.” “மான் ஒண்டு குட்டியோட வழியில நிண்டது, மாஸ்டர். அதுகள் போகுமட்டும் நிண்டிட்டு வந்தன்.” இருவரும் கடற்கரை வழியே திரும்பி நடக்கின்றனர்.